பழைய கணினி: ஐயமும் தெளிவும்



இம்மாதம் நம் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பரணிலும் பீரோவின் மேலும் துணி போர்த்தி வைக்கப்பட்டுள்ள பழைய கணினிகளைப் பற்றியவை. விண்டோஸ் எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நிறுத்தப்பட்டன. அதன் பின்வந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 கடைசி நாளாயிற்று. தயாரித்த நிறுவனம் கைகழுவிவிட்ட போதிலும், உத்திரமேரூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இவ்விரண்டுக்கும் இன்னும் ஓய்வு கிடைத்தபாடில்லை. அரிசி மண்டியிலும் ஜெராக்ஸ் கடையிலும் மக்தபிலும் இவை உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

வந்த கடிதங்களுள் ஒன்று என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. ஆகவே அதனை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

*“என் கணவர் வஃபாத்தாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. நெல், அரிசி வியாபாரம் செய்து வந்தார். கொடுக்கல் வாங்கல் கணக்கு முழுவதையும் வீட்டிலுள்ள எக்ஸ்பி கணினியில் தமிழில் எழுதி வைத்திருந்தார். இப்பொழுது அதனை இயக்கினால் ‘பீப் பீப்’ என்று ஒலிக்கிறதேயன்றித் திரையில் ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய பாஸ்வேர்டும் எங்களுக்குத் தெரியாது. பழுது பார்ப்பவர் ‘ஃபார்மட் செய்துவிட்டால் புதிது போல ஓடும்’ என்கிறார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல் தவிக்கிறேன். மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி ஒன்று வீட்டில் இருக்கிறது. வேறு கணினி இல்லை.” — உத்திரமேரூர் வட்டத்திலிருந்து ஒரு சகோதரி.*

சகோதரி, தங்கள் கணவருக்கு அல்லாஹ் மறுமையில் உயர்ந்த பதவியை வழங்குவானாக. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுவதற்கு முன்னர் அவர் பட்ட கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பதை நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறியும். ஆதலின் தங்கள் தவிப்பு எனக்கு நன்கு விளங்குகிறது. முதலில் ஒரு சொல்: ஃபார்மட் செய்ய எக்காரணம் கொண்டும் இசையாதீர்கள். அச்சொல்லுக்கு, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகக் கோடு போடுதல் என்று பொருள். அதிலும் தாங்கள் கூறும் பழுதுக்கு அது மருந்தே அன்று. பீப் ஒலி எழுப்பித் திரை கறுத்து நிற்கும் கணினி, விண்டோஸ் இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் வாசல்வரைகூட இன்னும் போகவில்லை. வயிற்று வலிக்காரருக்குத் தலையை மழிக்கச் சொல்வது போன்றது அந்த யோசனை.

இதனை நான் ஏட்டறிவால் எழுதவில்லை. 2012ஆம் ஆண்டில் எங்கள் மதரஸாவின் கணினி அடிக்கடி நின்று நின்று ஓடியது. வந்து பார்த்தவர் அதே சொல்லைச் சொன்னார், நானும் தலையசைத்தேன். ஒரு மணி நேரத்தில் கணினி பளிச்சென்று ஓடியது. பல ஆண்டுகளாக மாணவர்களின் ஹிஃப்ழு மனனப் பதிவுகளை வைத்திருந்த கோப்பு மட்டும் அதில் இல்லை. ‘பத்திரமாக எடுத்து வைத்துவிட்டீர்களல்லவா?’ என்று அவர் என்னையும், ‘எடுத்திருப்பீர்களே’ என்று நான் அவரையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று முதல் நான் ஒரு முறை வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த இயந்திரத்தையும் பழுது பார்ப்பதற்கு முன் அதனுள் இருப்பதை வெளியே எடுத்துவிடுவேன்.

இனித் தங்கள் கணினிக்கு வருவோம். இயக்கியவுடன் விட்டு விட்டு வரும் பீப் ஒலி, பெரும்பாலும் ராம் எனப்படும் நினைவகப் பட்டை சரியாகப் பொருந்தவில்லை என்பதற்கான அறிகுறியாகும். நம் ஊர்ப் புழுதியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து அதன் பொன்னிறப் பற்களின் மேல் மெல்லிய படலம் ஏறியிருக்கும். மின் இணைப்பை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டு, சி.பி.யு. பெட்டியின் பக்கத் தகட்டைத் திருப்புளியால் கழற்றுங்கள். உடலில் தேங்கிய மின்சாரம் நீங்கும் பொருட்டுப் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொடுங்கள். ராம் பட்டையின் இருபுறமுள்ள கொக்கிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் அது மேலெழும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் அந்தப் பொன்னிறப் பற்களை இருபுறமும் மெல்லத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, ‘டக்’ என்று கொக்கி பூட்டும் வரை மீண்டும் அழுத்துங்கள். பத்துக்கு ஆறு ஏழு கணினிகள் இதனாலேயே உயிர்பெறுவதை நான் கண்டிருக்கிறேன்.

திரை தெளிந்து பாஸ்வேர்டு கேட்டால் அதற்கும் வழியுண்டு. விண்டோஸ் தொடங்கும் முன் எஃப் 8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘சேஃப் மோட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயர் அங்கே தோன்றும். எக்ஸ்பி ஹோம் பதிப்பில் அதற்குப் பெரும்பாலோர் பாஸ்வேர்டு வைப்பதே இல்லை. வெறுமனே என்டர் தட்டினால் திறந்துகொள்ளும்.

இரண்டும் பலிக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். கணினி இறந்தாலும் கணக்கு இறப்பதில்லை. அது ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது வாசற்கதவின் தாழ் போன்றது. பூட்டிய பெட்டி போல உள்ளிருக்கும் ஏட்டை அது மறைப்பதில்லை. (கோப்புகளையே பூட்டும் தனி வசதியும் உண்டு; வீட்டுக் கணினிகளில் அதனைப் பயன்படுத்துவோர் அரியர்.) எனவே ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றின் வழியாக வேறு கணினியில் இணைத்தால் போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் நாடா போன்ற அகன்ற கேபிள் பொருந்தியிருந்தால் அது ஐ.டி.இ. வகை, விரலகலக் கேபிளாக இருந்தால் சாட்டா வகை. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் தனியே தேவை. அதற்கான இணைப்பும் சேர்ந்திருக்க வேண்டும்.

‘வேறு கணினி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மகளின் மடிக்கணினியே இதற்கு மிகப் பொருத்தமானது! தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிற்று. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 உடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் மற்றோர் இயக்க முறைமையும் இருந்தது. இயக்கியவுடன் ‘எதைத் திறக்கட்டும்?’ என்று கேட்கும். பிள்ளைகள் எல்லோரும் விண்டோஸைத் தொட்டார்களே தவிர மற்றதைத் திரும்பியும் பார்த்ததில்லை. சில கடைக்காரர்கள் இடத்தை அடைக்கிறதென்று அதனை அழித்தும்விட்டார்கள். தங்கள் மகளின் கணினியில் அது அழியாமல் இருந்தால் அதனையே திறந்து, அதன்பின் ஹார்டு டிஸ்க்கை இணையுங்கள். லினக்ஸ் பழைய விண்டோஸின் பாஸ்வேர்டைக் கேட்பதில்லை. அந்த டிஸ்க்கில் விண்டோஸ் வைரஸ் ஏதும் இருந்தாலும் இங்கே அது தலைதூக்காது.

விண்டோஸில் இணைக்க நேர்ந்தால், ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று சில வேளை ஒரு கேள்வி எழும். கை தவறியும் ‘ஆம்’ என்று சொல்லிவிடாதீர்கள். ‘கேன்சல்’ செய்துவிட்டு விவரமறிந்தவரை நாடுங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டக்… டக்…’ என்று சீரான தட்டொலி கேட்டால் அக்கணமே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது உள்ளுறுப்பு தேய்ந்த ஒலி; ஓட ஓட மிச்சமிருப்பதும் அழியும். அந்நிலையில் தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம்தான் போக வேண்டும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் வழி கிடைக்கும்.

எக்ஸ்பியில் கோப்புகள் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறைக்குள் கணவரின் பெயரிலுள்ள கோப்புறையில் இருக்கும். டி டிரைவையும் பாருங்கள். நம்மவர்கள் கணக்கு வழக்கைப் பெரும்பாலும் அங்குதான் வைப்பார்கள். அனைத்தையும் படியெடுங்கள். ஆனால் கணக்கு தவிர மற்றவற்றைத் துருவ வேண்டாம். அவர் பூட்டி வைத்தது அவருடைய அமானிதம்.

படியெடுக்கும்போது பலரும் மறக்கும் ஒன்று உண்டு. ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்றொரு கோப்புறை இருக்கும். அதையும் முழுவதுமாக எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் தமிழைக் கணினியில் எழுத ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு எழுத்துருவை விற்றது. ஆங்கில எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த ஏற்பாடு அது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலம் நிற்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரமாக்கியது. பின்னர் 2010இல் யூனிகோடை ஏற்றது. இன்று நம் கைப்பேசியில் எழுதுவது யூனிகோடு. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டவை பலவும் பழைய எழுத்துருக்களிலேயே உறங்குகின்றன.

தங்கள் கணவரின் கணக்கைத் திறக்கும்போது தொகைகள் பெரும்பாலும் அப்படியே படிக்கக் கூடியவையாக இருக்கும். ஏனெனில் எண்களை இந்த எழுத்துருக்கள் பொதுவாக மாற்றவில்லை. பெயர்கள்தாம் புரியாத கிறுக்கலாக நிற்கும். எவ்வளவு என்று தெரியும். யாருக்கு என்று தெரியாது. அதைக் கண்டு கோப்பு கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டாம். அந்தக் கட்டத்தின் மேல் ஒரு முறை சொடுக்கி, மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் சிறு பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே எழுதியிருக்கும். அப்பெயருள்ள எழுத்துருவைத் தாங்கள் எடுத்து வைத்த ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து நிறுவினால் பெயர்கள் தமிழாகிவிடும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். அது முடிந்தவுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, தங்கள் சகோதரர் ஒருவரையும் உடன் வைத்துச் சரிபாருங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியும் அதற்குச் சாட்சி வைப்பதைப் பற்றியும் அல்லவா பேசுகிறது?

வரலாறு படித்தவன் என்பதால் ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அதில் விதி இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அவ்விதியை அவ்வெழுத்தறிந்தவர் இன்றும் சுவரில் பார்த்துப் படிக்கிறார். 2005இல் எழுதிய கணக்கைப் படிக்க நாம் எழுத்துருவைத் தேடி அலைகிறோம்.

இனி மற்றக் கடிதங்கள்.

*“எங்கள் மக்தபிலுள்ள எக்ஸ்பி கணினியில் அரபி எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. தமிழிலும் ‘கொ’, ‘கெ’ ஆகியவை கலைந்து தெரிகின்றன. இரண்டுக்கும் தனித்தனி மென்பொருள் வாங்க வேண்டுமா?”*

ஒரு காசும் செலவிட வேண்டாம். இரண்டுக்கும் ஒரே மருந்து. கன்ட்ரோல் பேனலில் ‘ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து ‘லாங்குவேஜஸ்’ என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கு இரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். சிக்கலான எழுத்து முறைகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் உரிய முதற் கட்டத்தில் டிக் செய்யுங்கள். மற்றது சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கானது, அது வேண்டாம். எக்ஸ்பி சி.டி.யைக் கேட்கும், போட்டுவிட்டுக் கணினியை அணைத்து இயக்கினால் அரபி எழுத்துகள் கைகோத்துக்கொள்ளும், தமிழ்க் கொம்புகளும் தத்தம் இடத்துக்குத் திரும்பும். எழுத்துகளை இடத்துக்கேற்ப உருமாற்றி அடுக்கும் வேலையை இரண்டுக்கும் ஒரே பகுதிதான் செய்கிறது. அந்தப் பகுதியை எக்ஸ்பி தானாக நிறுவாமல் விட்டுவைத்தது. விண்டோஸ் 7இல் இத்தொல்லை இல்லை. ஆனால் பழைய எழுத்துருவில் எழுதிய தமிழ்ப் பாடங்கள் இதனால் சரியாகா. அவற்றுக்கு மேலே சொன்ன வழியே வழி.

*“கணினியை இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது. எந்த இணையதளமும் திறப்பதில்லை.”*

இரண்டும் ஒரே நோய். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி ஒன்று உண்டு; பெயர் சி.ஆர். 2032. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுவே. வாட்ச் கடையிலும் கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்குமாறு பொருத்தித் தேதியைச் சரிசெய்யுங்கள். (மடிக்கணினி எனில் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.) ஒவ்வொரு தளமும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழ் காட்டுகிறது, அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தங்கள் கணினி 2009 என்று நம்பிக்கொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று மறுத்துவிடும். தேதி சரியான பின்னும் சில தளங்கள் மறுத்தால் பிரௌசர் பழையது என்று கொள்க. கூகுள் குரோம் எக்ஸ்பியை 2016லும், விண்டோஸ் 7ஐ 2023லும் கைவிட்டுவிட்டது.

*“ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைப் போட்டு வந்த பின் எல்லாக் கோப்புறைகளும் ஷார்ட்கட் ஆகிவிட்டன. நிகாஹ் படங்கள் போய்விட்டனவா?”*

போகவில்லை. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டுப் போலிகளை முன்னே நிறுத்தியிருக்கிறது. அந்தப் போலிகளைச் சொடுக்காதீர்கள். சொடுக்கினால் தங்கள் கணினிக்கும் தொற்றும். ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு தேர்ந்து, கணினியின் காப்புக் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால் உண்மையான கோப்புறைகள் மங்கலாகத் தோன்றும். படங்களை மட்டும் வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட்டைப் பற்றி இவ்வளவு நேரம் திட்டியவன், எடுக்க வேண்டியதை எடுத்தபின் அதற்கு எதிரியல்லன்.

*“விண்டோஸ் 7 கணினியில் வங்கி வேலைகளைச் செய்யலாமா?”*

கூடாது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற கெடுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிடப்பட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்க இயலாது. பழைய கணினியில் எழுதுங்கள், கணக்குப் போடுங்கள், கிராஅத் கேளுங்கள். இணையக் கம்பியைக் கழற்றிவிட்டால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். விண்டோஸ் 10க்கு மாறலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் அதில் செலவிடுவது வீண். இணையம் வேண்டுமென்போர் இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவிக்கொள்வது நலம்.

*“திரை கறுத்து, ‘இது உண்மையான விண்டோஸ் அன்று’ என்று வருகிறது.”*

கணினி பொய் சொல்லவில்லை, சகோதரரே. பெட்டி சேர்த்துக் கொடுத்தவர் உரிமமில்லாத படியைப் போட்டுத் தந்திருக்கிறார். இதற்கான மார்க்கத் தீர்ப்பை ஃபத்வாப் பகுதிக்கு அனுப்புங்கள். தீர்வு வேண்டுமானால் லினக்ஸ் இலவசம். அது எவருடைய உரிமையையும் பறிக்காது.

*“‘என்டிஎல்டிஆர் இல்லை’ என்று எழுதிக் கணினி நின்றுவிடுகிறது.”*

பின்புறத்தில் பென் டிரைவோ, உள்ளே சி.டி.யோ இருந்தால் எடுத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். அதிலிருந்து விண்டோஸைத் தேடிக் காணாமல் நின்றிருக்கும். எதுவும் இல்லாமலும் அவ்வாறே வந்தால், ஹார்டு டிஸ்க் தளர்ந்து வருவதாகக் கொண்டு முதல் கடிதத்திற்குச் சொன்னதைத் தாங்களும் செய்யுங்கள்.

முதற் கடிதம் எழுதிய சகோதரிக்கு மீண்டும் ஒரு வரி. இருவகை டிஸ்க்குக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்று எங்கள் மதரஸாவில் இருக்கிறது. அதற்காகப் புதிது வாங்க வேண்டாம். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் தங்கள் சகோதரரை அனுப்புங்கள். ஹார்டு டிஸ்க்கைச் செய்தித்தாளில் அல்லாமல் பருத்தித் துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மகளின் மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் மறவாமல் கொடுத்தனுப்புங்கள்.